நல்ல கொள்ளைக்காரர்கள்

பார்க்டேல், ரொறன்ரோ
12.03.1995

அன்புள்ள ஸகீனா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் பெண்சாதி மஸீஹாவும் சுகம். புத்தளத்தில் நீங்களும் மச்சானும் அஸ்ராவும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம். இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை.

ஒரு சந்தோஷமான விஷயத்துக்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன். போன மாதம் அஜக்ஸில் வீடு பார்க்கப் போனோம். வீட்டை விற்கிற வெள்ளைக்காரர் கராஜில் பழைய சாமான்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார். அதற்குள் ஒரு வீடியோக் கசெற். அட்டையைப் பார்த்ததும் காசு கொடுத்து வாங்கிவிட்டேன். அந்த அயர்லாந்துப் படம், ராத்தா! யாழ்ப்பாணத்தில் உம்மாவுக்குத் தெரியாமல் நாங்கள் மற்றினிக் காட்சி பார்த்த அதே படம். பச்சை மலை, பனிப்புகார், குதிரையில் வருகிற இரண்டு வழிப்பறிக்காரர். ஆங்கிலேயப் பண்ணையாரின் வண்டியை மறித்துக் காசைப் பறித்து நாட்டு விடுதலைக்குக் கொடுப்பார்களே. அந்தத் தலைவன் சீமாட்டியின் மாலையைக் கழற்றி வாங்கிவிட்டு, அவளுடைய தாய் தந்த சின்ன மோதிரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துத் தொப்பியைக் கழற்றி வணங்குவான். தியேட்டரே விசிலடித்தது.

நான் வேலை செய்கிற வீடியோக் கடைக்கு வரும் செல்வரட்ணம் அண்ணை இங்கே ஒரு தமிழ் வாரப்பத்திரிகை நடத்துகிறார். அதில் எனக்குச் சினிமாப் பக்கம் தந்திருக்கிறார். இந்தப் படத்தைப் பற்றி எழுதினேன். தலைப்பு ‘நல்ல கொள்ளைக்காரர்கள்’. வெட்டி அனுப்பியிருக்கிறேன். படம் பார்த்த பிறகு ஒழுங்கைக்குள் நானும் அன்புராசாவும் வழிப்பறிக்காரராகவும் நீங்கள் சீமாட்டியாகவும் விளையாடியதையும் எழுதியிருக்கிறேன்.

அன்புராசாவைப் பற்றி இதுவரை உங்களுக்கு நான் எழுதவில்லை. அவன் மூன்று வருடமாக எங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறான். அகதிக் கேஸ் முடியும்வரை தன் பெயரை ஊருக்கு எழுத வேண்டாம் என்று கேட்டிருந்தான். இப்போது பேப்பர் கிடைத்துவிட்டது. மாரி காலத்தில் படத்தை ஒரு மண்டபத்தில் போட இருக்கிறோம். நாங்கள் இருவரும் கூடவே தமிழில் கதை சொல்லப்போகிறோம். தலைவனுக்கு அவன்தான் குரல்.

மச்சானுக்குச் சலாம். அஸ்ராவுக்கு முத்தங்கள்.

உங்கள் தம்பி
மஸூர்


புத்தளம்
20.04.1995

அன்புள்ள தம்பி மஸூருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. மஸீஹாவுக்கு எங்கள் சலாம். இங்கே மழையில்லை. கொட்டில் கூரைக்குப் புதுக் கிடுகு போட்டோம்.

கட்டுரையை வாசித்தேன். உன் எழுத்து எப்போதும் போல நன்றாகத்தான் இருக்கிறது. இனி அப்படியான எழுத்துகளை எனக்கு அனுப்ப வேண்டாம்.

வஸ்ஸலாம்.
ஸகீனா


பார்க்டேல்
28.05.1995

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம், நீங்களும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் என்னை எவ்வளவு நோகச் செய்தது என்று உங்களுக்குத் தெரியுமா? பகல் முழுவதும் கடையில் கசெற் அடுக்குகிறேன், வார முடிவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி தூக்குகிறேன். எனக்கென்று இருப்பது இந்த ஒரு பக்கம்தான். அதை முதலில் காட்ட நினைத்தது உங்களுக்கு. நீங்களோ கிடுகு போட்ட கதையோடு சேர்த்து அனுப்ப வேண்டாம் என்று ஒரு வரி எழுதுகிறீர்கள். என்ன பிழை செய்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

உங்களுக்குக் கட்டுரை அனுப்பியதை அன்புராசாவிடமும் சொன்னேன். “அக்கா என்ன சொன்னவா?” என்று கேட்டான். பிடிக்கவில்லையாம் என்றேன். “சரி, விடு” என்றான். அவனுக்கும் மனவருத்தம்தான் போல.

மண்டபத்து நோட்டீசுக்காக எடுத்த போட்டோவை இதற்குள் வைத்திருக்கிறேன். தொப்பி வைத்து முகத்தில் கறுப்புத் துணி கட்டி நானும் அவனும் நிற்கிறோம். இதையாவது பார்த்துச் சிரியுங்கள். உயரமானவன் அவன்.

தம்பி
மஸூர்


புத்தளம்
16.07.1995

மஸூர்,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

உன் கடிதத்தை அஸ்ராதான் பிரித்தாள். மாமா போட்டோ அனுப்பியிருக்கிறார் என்று ஆசையோடு எடுத்தவள், அதைக் கீழே போட்டுவிட்டு இடது காதைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். துணிக்கு மேலே தெரிந்த கண்கள் அவளுக்குப் போதும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அன்று பாயில் மூத்திரம் போனாள். சிரிக்கச் சொன்னாய் அல்லவா, சிரித்தோம்.

ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டாய். கேள்.

தொண்ணூறாம் ஆண்டு, ஐப்பசி கடைசி. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் போகச் சொல்லி இயக்கத்தவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். இவ்வளவும் நீ பேப்பரில் வாசித்திருப்பாய். பேப்பரில் வராததைச் சொல்கிறேன். ஐந்து சந்தியில் எங்களை வரிசையில் விட்டார்கள். வரிசை முடிகிற இடத்தில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் இயக்கத்துப் பெண்பிள்ளைகள் நின்று எங்கள் நகைகளைக் கழற்றினார்கள். பக்கத்தில் இடுப்பில் பிஸ்டலோடு பொறுப்பாக நின்றவன் உன் அன்புராசா.

அவன் முகத்தில் துணி கட்டியிருந்தான். எனக்கா அவனைத் தெரியாது? எங்கள் வீட்டில் எத்தனை நோன்புக் கஞ்சி குடித்தவன். என் கலியாணத்தில் வட்டிலப்பம் இன்னும் வேண்டுமென்று கேட்டு வாங்கித் தின்றவன். எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது, மஸூர். அதை நினைக்கத்தான் இன்றைக்கும் என் மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது. “தம்பி, நான் மஸூரின்ர ராத்தா” என்றேன். அவன், “தெரியும் ஸகீனா அக்கா, கழட்டுங்கோ. என்னை ஒண்டும் செய்ய வைக்காதையுங்கோ” என்றான்.

காப்பு, சங்கிலி எல்லாம் கழற்றிக் கொடுத்தேன். அஸ்ராவின் தோட்டை விடச் சொல்லி உன் மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார். அவன் எங்களைப் பார்க்கவில்லை. மேசையடியில் நின்ற பெட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஒரு தோடு கழன்றது. மற்றதன் திருகுச் சுரை இறுகியிருந்தது. அவள் இழுத்தாள். என் பிள்ளையின் இடது காது கிழிந்தது.

உன் படத்துக் கொள்ளைக்காரன் மோதிரத்தைத் திருப்பிக் கொடுப்பான். இவன் திருப்பித் தரவில்லை. உன் கொள்ளைக்காரன் பண்ணையாரின் வண்டியை மறித்தான். நாங்கள் எந்தப் பண்ணையார்? மச்சானுக்கு இருந்தது ஒரு இரும்புக்கடை. விசிலடித்தது போதும்.

ஸகீனா


பார்க்டேல்
20.08.1995

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். மஸீஹா உங்களுக்குச் சலாம் சொல்கிறாள். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அஸ்ராவுக்கு நடந்ததை வாசித்து அழுதேன். அதைச் செய்தவர்கள் நாசமாய்ப் போகட்டும். ஆனால் ராத்தா, ஆத்திரப்படாமல் இதைக் கேளுங்கள். அன்புராசா அந்த வருடம் முழுக்கக் கிளிநொச்சியில் இருந்ததாக என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். நீங்கள் பயத்திலும் பதற்றத்திலும் நின்றிருப்பீர்கள். முகத்தில் துணி. குரல் ஒத்திருந்திருக்கலாம். முகம் மூடிய ஒரு போட்டோவைப் பார்த்துச் சின்னப்பிள்ளை பயந்தது சாட்சியாகுமா? மஸீஹாவுக்கு ஒப்பரேசன் நடந்த கிழமை முழுவதும் ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தவன் அவன். எங்களுக்குச் சமைத்துக் கொண்டுவந்தவன்.

உண்மை என்றால் ஐந்து வருடமாக ஏன் எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை? நான் அந்நியனா?

தம்பி
மஸூர்


புத்தளம்
22.09.1995

அன்பின் மஸூர் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மஸீஹாவும் நலமாயிருக்க வல்ல நாயன் அருள் புரிவானாக. இது உங்கள் மச்சான் ஸஜீத் எழுதுவது. நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் ராத்தா கடிதத்தை வாசித்து அடுப்புக்குள் வைத்துவிட்டா. இனி உங்களுக்கு எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டா. அவவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

அது அன்புராசாதான். நான் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். பிள்ளை கத்தினபோது அவன் துணியைக் கீழே இழுத்துவிட்டு, “கெதியாப் போங்கோ, கெதியாப் போங்கோ” என்று கத்தினான். முழு முகத்தையும் கண்டேன். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். வேறொன்றும் செய்யவில்லை. போட்டிருந்த சேட்டெல்லாம் இரத்தம். நான் இரும்பு தூக்கி வளர்ந்தவன், தம்பி. அவனை ஒரு கையால் தூக்கியிருப்பேன். தூக்கவில்லை. அதனால்தான் இந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. உங்கள் ராத்தா என்னைக் காப்பாற்றத்தான் உங்களுக்கு எழுதாமல் இருந்தா. உங்களை அந்நியனாக நினைத்து அல்ல.

அவவுடைய வார்த்தை உங்களுக்குப் போதாமல் போனதுதான் அவவுக்குத் தாங்க முடியவில்லை. என் வார்த்தை போதுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்
ஸஜீத்


பார்க்டேல்
19.11.1995

அன்புள்ள ராத்தாவுக்கும் மச்சானுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மச்சானின் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பல நாள் திரிந்தேன். அவனை ஏணிப்படியில் கண்டால் திரும்பிவிடுவேன். போன சனிக்கிழமை அவன் வேலை செய்கிற ரெஸ்ரோறன்ற்றின் பின்பக்கம் போனேன். குப்பைத்தொட்டியடியில் ஏப்ரனோடு நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“ஐஞ்சு சந்தியில நிண்டது நீயோ?”

அவன் மறுக்கவில்லை, ராத்தா. மறுப்பான் என்றுதான் நான் நம்பிப் போனேன்.

“ஓம்” என்றான். “நான்தான். மேல இருந்து வந்த ஓடர். நான் நிக்காட்டி வேற ஒருத்தன் நிண்டிருப்பான். நான் நிண்டபடியாத்தான் அக்காவை ஒருத்தரும் அடிக்கேல்லை.”

“பிள்ளையின்ர காது?”

“அது அந்தப் பெட்டை இழுத்தது. நான் இழுக்கச் சொல்லேல்லை.”

“நீ தலையை ஆட்டினியாம்.”

அவன் சிகரெட்டைக் காலால் நசுக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினான். “உனக்கு என்ன தெரியும்? நீ எண்பத்தேழிலயே பிளேன் ஏறிட்டாய். எட்டு வருசமா இஞ்ச இருந்து படம் பாத்து எழுதுறாய். இப்ப ஆமி வருதெண்டு என்ர அம்மாவும் ஒரு பையோட தென்மராட்சி ரோட்டில நிக்கிறா. ஆர் வந்து கேக்கிறான்?”

நான் அவனை அறைந்தேன். திருப்பி அடிக்கவில்லை. அப்படியே நின்றான். அது என் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது. இன்னொரு முறை அறைந்தேன். குசினிக்குள்ளிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததெல்லாவற்றையும் எழுதிச் செல்வரட்ணம் அண்ணையிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். “தம்பி, யாழ்ப்பாணச் சனம் முழுக்க ரோட்டில நிக்குது. இப்ப போய் உதைப் பற்றி எழுதுறியோ? உதுக்கு ஒரு நேரம் வரும்” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. சனம் படுகிற பாடு அப்படி.

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள், ராத்தா. உங்களை நம்பாமல் போனேன்.

மஸூர்


புத்தளம்
30.12.1995

தம்பி மஸூருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். மஸீஹா எப்படி இருக்கிறாள்? அவளுக்கு ஒப்பரேசன் நடந்தபோது நீ எனக்குச் சொல்லவே இல்லை. அவளே தன் கையால் எனக்கு எழுதட்டும்.

நீ அவனை அறைந்தது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தாயா? உன் கை நொந்தது, அவன் கன்னம் நொந்தது. குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நடந்ததற்குக் குப்பைத்தொட்டிதான் சாட்சி. ஐந்து சந்தியில் எங்களை ஊரே பார்த்துக்கொண்டு நின்றது.

உன் செல்வரட்ணம் அண்ணைக்குச் சொல். எங்களை அனுப்பினபோதும் இப்ப பேசாதே என்றார்கள், போராட்டம் நடக்கிறது என்றார்கள். இப்போது சனம் ரோட்டில் நிற்கிறது, இப்ப பேசாதே என்கிறார். எங்களுக்கான நேரத்தை யார் வைத்திருக்கிறார்கள்? அதிலும் நியாயம் இருக்கிறதென்று நீ எழுதினாயே, அந்த வரியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்புராசாவின் தாய்க்கு இந்த வயதில் இது நடந்திருக்கக்கூடாது. அவவுக்காக ஐவேளையும் துஆக் கேட்கிறேன். வீட்டை விட்டுப் போவது என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் தாயை முன்னால் நிறுத்தி மகன் தப்பிக்க முடியாது. நீயும் அந்த இரண்டையும் போட்டுக் குழப்பாதே.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். ‘நல்ல கொள்ளைக்காரர்கள்’ என்று ஊருக்கெல்லாம் சொன்னாய். அதே ஊருக்கு இதையும் சொல். சொல்லாமல் எனக்குக் கடிதம் போடாதே.

ஸகீனா


பார்க்டேல்
25.02.1996

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். மஸீஹா தேறிவிட்டாள், தனியாக உங்களுக்கு எழுதியிருக்கிறாள். நானும் சுகம்.

சொல்லிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

படத்தை மாசிமாதம் போடுவதென்று முன்பே நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். செல்வரட்ணம் அண்ணை, “பிரச்சினை பண்ணாமல் நீ கதையை மட்டும் சொல்லு” என்றார். அன்புராசா குரல் கொடுக்க மறுத்துவிட்டான். ஆனாலும் யோகமலரோடு வந்து கடைசி வரிசையில் இருந்தான். யோகமலர் அவன் மனைவி; கலியாணம் முடித்து ஒரு வருடமாகிறது. வராவிட்டால் சனம் கதைக்கும் என்று வந்தானோ, நான் சொல்ல மாட்டேன் என்று நம்பி வந்தானோ தெரியாது.

மண்டபம் நிறைந்திருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லிக்கொண்டு போனேன். வண்டியை மறிக்கிற காட்சி வந்தது. சனம் கைதட்டியது. தலைவன் சீமாட்டியின் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனான். அந்த இடத்தில் நான் வீடியோவை நிற்பாட்டினேன்.

“இந்த ஆளை நல்ல கொள்ளைக்காரன் எண்டு எழுதினது நான்தான்” என்று தொடங்கினேன். பிறகு நீங்கள் எழுதியபடியே சொன்னேன். வரிசை, மேசை, துணி, “கழட்டுங்கோ அக்கா” என்றது, தோடு. முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை, படத்தின் கதை என்றே நினைத்தார்கள். பிறகு ஒருவர், “உந்தத் துரோகியை இறக்குங்கோடா” என்று கத்தினார். கதிரைகள் விழுந்தன. யாரோ மைக்கின் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். மைக் இல்லாமலே கத்திச் சொன்னேன். அவன் பெயரையும் சொன்னேன்.

அப்போது யோகமலர் எழும்பினாள். சின்னப் பெண், ராத்தா, உரத்துக்கூடப் பேச மாட்டாள்.

“எந்தப் பிள்ளையின்ர காது? அந்தப் பிள்ளைக்குப் பேர் என்ன?” என்று கேட்டாள்.

“என்ர மருமகள். பேர் வேண்டாம்” என்றேன். பெண்பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேசும்போது யாராவது இதை எடுக்கக்கூடாது என்று நினைத்தேன். உங்கள் பெயரையும் சொல்லவில்லை.

அவள் புருஷனைப் பார்த்து, “உண்மையோ?” என்றாள். அவன் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவள் அவனுக்குப் பின்னால் போகவில்லை. எங்களோடு ஸ்ரீற்கார் என்கிற ட்ராமில் வந்து, எங்கள் சோபாவில் படுத்தாள். விடிய எழும்பி மார்க்கம் நகரிலுள்ள தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இனி என்ன செய்வாள் என்று தெரியாது.

பத்திரிகையில் என் பக்கத்தை நிற்பாட்டிவிட்டார்கள். கடைக்கும் வர வேண்டாமாம். இரவில் டெலிபோன் அடிக்கிறது, எடுத்தால் பேச மாட்டார்கள். உங்கள் மேல் பாரம் ஏற்ற இதை எழுதவில்லை. சொன்னதற்கு வருத்தமில்லை. இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்த என் மேலும் அவர்கள் மேலும்தான் எனக்கு ஆத்திரம். அது போகவில்லை. போகவும் வேண்டாம்.

உங்கள் தம்பி
மஸூர்


புத்தளம்
07.04.1996

அன்புள்ள தம்பி மஸூருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மஸீஹாவின் கடிதமும் உன் கடிதமும் ஒன்றாகக் கிடைத்தன. உனக்கு வேறு வேலை கிடைத்ததா? இரவில் கதவைப் பூட்டிக்கொண்டு படு. டெலிபோனுக்குப் பயப்படாதே. ஆனால் தனியாகத் திரியாதே.

உன் கடிதத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு வெளியே போய் வேலியடியில் வெகுநேரம் நின்றார். பிறகு வந்து, “எல்லாருக்கும் முன்னாலயோ?” என்றார். ஓம் என்றேன். அன்றைக்குத்தான், ஐந்தரை வருடத்துக்குப் பிறகு, மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி அவளுடைய காதைத் தொட்டுப் பார்த்தார். நோகுதா என்று கேட்டார். அவள், இல்லை வாப்பா, குளிர்நாளில் மட்டும் கொஞ்சம் என்றாள்.

யோகமலரின் மேல் எனக்கு ஒரு கோபமுமில்லை. எங்கேயாவது கண்டால் சொல். அவனை மன்னித்தேன் என்று மட்டும் எவருக்கும் சொல்லிவிடாதே. மன்னிக்கவில்லை.

நீ பெயர் சொல்லாமல் விட்டது புத்தி என்றுதான் நானும் நினைத்தேன். உம்மா இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பா. ஆனால் அஸ்ரா என்னிடமிருந்து கடிதத்தைப் பறித்து அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பிறகு என்மேல் பாய்ந்தாள். “களவெடுத்தவன்ர பேரைச் சொன்னவர், என்ர பேரைச் சொல்ல மாட்டாராமோ? நான் என்ன களவெடுத்தனான்?” என்று கேட்டாள். பேனையை அவளிடம் கொடுத்தேன். மாமாவுக்கு நீயே சொல்லு என்றேன். கீழே அவளே எழுதுகிறாள்.

வஸ்ஸலாம்.
ராத்தா

மாமா,

யோகமலர் அன்ரி கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ. இனி எந்த மண்டபத்தில் சொன்னாலும் இதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. என் பெயர் அஸ்ரா. ஸஜீத் மகள் அஸ்ரா.